இரத்த அழுத்த மாத்திரை கொலஸ்ட்ராலைக் கூட்டுமா?

(தொலைக்காட்சி மருத்துவ அரங்கில் குடும்ப மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையும், அரங்கினர் கேட்ட கேள்விகளில் சிலவும் இங்கே எழுத்து வடிவில் இடம்பெறுகின்றன.)



முதலில் ஒரு சின்னக் கணக்கெடுப்பு. இங்கே இரத்த அழுத்தத்திற்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கை தூக்குங்கள். சரி, பாதிக்கு மேல் இருக்கிறீர்கள். கொலஸ்ட்ராலுக்கும் சேர்த்துச் சாப்பிடுகிறவர்கள் மட்டும் கையை இறக்காமல் இருங்கள். பாருங்கள், அதிகம் பேர் இறக்கவில்லை. இது இந்த அரங்கின் கதை மட்டுமல்ல. 2021, 2022ஆம் ஆண்டுகளில் எடுக்கப்பட்ட தேசிய மக்கள் சுகாதார ஆய்வில், சிங்கப்பூரில் 18 முதல் 74 வயதுக்குட்பட்டவர்களில் 37 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தம் இருந்தது. ஏறத்தாழ 32 விழுக்காட்டினருக்கு இரத்தத்தில் கொழுப்பு கூடுதலாக இருந்தது. இரண்டும் ஒரே வீட்டில், பல நேரம் ஒரே உடம்பில் குடியிருக்கின்றன.

மாதத்தில் இரண்டு மூன்று பேராவது இரத்தப் பரிசோதனை அறிக்கையை என் மேசைமீது வைத்து, "டாக்டர், பிரஷர் மாத்திரை சாப்பிட ஆரம்பிச்ச பிறகுதான் கொலஸ்ட்ரால் ஏறியிருக்கு. நிறுத்திடட்டுமா?" என்று கேட்பதுண்டு. கேட்பவர்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. கேட்காமலேயே நிறுத்திவிடுகிறவர்களைப் பற்றித்தான் கவலை.

அப்படி நிறுத்திய ஒருவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் வேண்டாம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். காலையில் தெக்கா சந்தை, அங்கேயே நண்பர்களோடு ஒரு தே, மாலையில் பெருமாள் கோயில் என்று ஒழுங்காக வாழ்ந்தவர். பல ஆண்டுகளாக அட்டினோலால் என்ற மாத்திரையைச் சாப்பிட்டு வந்தார். அழுத்தம் கட்டுக்குள் இருந்தது. ஒரு முறை எடுத்த பரிசோதனையில் டிரைகிளிசரைடு 2.9 என்றும், நல்ல கொழுப்பு 0.8 என்றும் வந்தது. சாப்பாட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். தேக்கடை மேசையில் நண்பர் ஒருவர், "அந்த மாத்திரைதான் கொழுப்பைக் கூட்டுது, என் மருமகன் இணையத்தில் படிச்சான்" என்றிருக்கிறார். மறுநாளே மாத்திரையை நிறுத்திவிட்டார். இரண்டு வாரம்கூட ஆகவில்லை. நள்ளிரவில் நெஞ்சுவலி. அவருடைய மனைவி 995க்கு அழைத்தார். இதய இரத்தக் குழாயில் அடைப்பு. ஸ்டென்ட் வைத்துப் பிழைக்க வைத்தார்கள்.

பிறகு என்னைப் பார்க்க வந்தபோது அவர் கேட்ட முதல் கேள்வி: "நண்பர் சொன்னது பொய்யா டாக்டர்?"

பொய் இல்லை. பாதி உண்மை. அந்தப் பாதியை முன்பே நான் அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். அறிக்கையைப் பார்த்தபோது எனக்குத் தெரியும், இதில் மாத்திரைக்கும் பங்கு இருக்கிறது என்று. வெளியே பத்துப் பேர் காத்திருந்தார்கள். அடுத்த முறை பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். நான் சொல்லாததைத் தேக்கடை சொல்லிவிட்டது. ஆனால் மறுபாதியைச் சொல்லவில்லை. இரண்டு பாதியையும் சேர்த்துச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

பெயரின் வாலைப் பாருங்கள்

நாம் எல்லாவற்றையும் "பிரஷர் மாத்திரை" என்று ஒரே பெயரில் அழைக்கிறோம். ஆனால் அவை வெவ்வேறு குடும்பங்கள். குடும்பத்தைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. பெட்டியில் அச்சிட்டிருக்கும் மருந்தின் பெயர் எப்படி முடிகிறது என்று பாருங்கள். அட்டினோலால், புரோபிரனோலால், பிசோபிரோலால் என்று "ஓலால்" என முடிந்தால் அது பெரும்பாலும் பீட்டா தடுப்பான். அம்லோடிபின், நிபெடிபின் என்று "டிபின்" வந்தால் கால்சியம் தடுப்பான். எனாலாபிரில், லிசினோபிரில் என்று "பிரில்" வந்தால் ஏஸ் தடுப்பான். லோசார்ட்டன், டெல்மிசார்ட்டன் என்று "சார்ட்டன்" வந்தால் அதற்கு அடுத்த குடும்பம். சிறுநீரைப் பெருக்கி உப்பை வெளியேற்றும் தயசைடு வகை தனி. அதில் நம்மிடையே அதிகம் புழங்குவது ஹைட்ரோகுளோரோதயசைடு.

இவற்றில் "பிரில்", "சார்ட்டன்", "டிபின்" ஆகிய மூன்று குடும்பங்களும் கொழுப்பின் அளவைப் பெரிதாகத் தொடுவதில்லை. இந்த மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்கள் கொலஸ்ட்ரால் ஏறினால் மாத்திரைமேல் பழி போட வேண்டாம். வேறு எங்கோ காரணம் இருக்கிறது. இன்று சிங்கப்பூரில் புதிதாக மாத்திரை தொடங்குகிறவர்களில் மிகப் பலருக்கு இந்த மூன்றில் ஒன்றுதான் கிடைக்கிறது.

கொழுப்போடு விளையாடுவது மற்ற இரண்டு குடும்பங்கள்.

பீட்டா தடுப்பானை எடுத்துக்கொள்வோம். நாம் சாப்பிட்ட கொழுப்பு, டிரைகிளிசரைடு என்ற வடிவில் இரத்தத்தில் மிதந்து வருகிறது. அதை உடைத்துத் தசைக்கும் சேமிப்புக்கும் கொடுப்பதற்கு இரத்தக் குழாய்ச் சுவரில் ஒரு நொதி இருக்கிறது. பழைய வகை பீட்டா தடுப்பான்கள் அந்த நொதியின் வேலையை மந்தமாக்குகின்றன. இறக்குமதி ஆகிறது, ஆனால் கிடங்கில் இறக்க ஆள் குறைவு. ஆகவே சரக்கு தெருவிலேயே நிற்கிறது. டிரைகிளிசரைடு 20, 30 விழுக்காடுகூட ஏறலாம். அப்படி உடையும்போது உதிரும் துணுக்குகளிலிருந்துதான் நல்ல கொழுப்பின் ஒரு பகுதி உருவாகிறது. உடைப்பது குறைந்தால் அதுவும் குறையும். ஏறத்தாழ 10 விழுக்காடு. கெட்ட கொழுப்பு என்று நாம் சொல்லும் எல்டிஎல் பெரும்பாலும் அப்படியே இருக்கும். என் நோயாளியின் அறிக்கையில் வந்த படம் இதேதான். கார்வெடிலால், நெபிவோலால் போன்ற புதிய வகைகளில் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

தயசைடு வேறு வழியில் வேலை செய்கிறது. அது பொட்டாசியத்தைக் குறைக்கும், இன்சுலின் சொல்வதை உடம்பு சரியாகக் கேட்காமல் செய்யும், ஈரல் கூடுதலாகக் கொழுப்பை வெளியே விடும். எல்டிஎல், டிரைகிளிசரைடு இரண்டும் சற்று ஏறும். ஆனால் அளவைக் கவனியுங்கள். இந்த மருந்து வந்த புதிதில், 1960களிலும் 70களிலும், 50 மில்லிகிராம், 100 மில்லிகிராம் என்று தாராளமாகக் கொடுத்தார்கள். இப்போது 12.5 அல்லது 25 மில்லிகிராம்தான். அந்தச் சிறிய அளவில் கொழுப்பு ஏறுவது மிகச் சொற்பம்.

ஒரு சந்தேகத்தின் வரலாறு

இந்த விவகாரம் ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசப்பட்டது என்று கேட்கலாம். அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது.

இரத்த அழுத்தத்திற்கு நல்ல மருந்தே இல்லாத காலம் ஒன்று இருந்தது. அப்போது உலகத்திற்கு வழிகாட்டிய மருந்துகளில் ஒன்று நம் நாட்டு மூலிகை. சர்ப்பகந்தா வேர். பம்பாயில் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் அதைத் தம் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, 1949இல் பிரிட்டிஷ் இதய மருத்துவச் சஞ்சிகையில் எழுதினார். அதன் பிறகுதான் மேலைநாட்டு மருத்துவர்கள் அந்த வேரைத் திரும்பிப் பார்த்தார்கள். 1950களின் இறுதியில் தயசைடு வந்தது, 1960களில் புரோபிரனோலால் வந்தது. பக்கவாதம் மளமளவென்று குறைந்தது.

ஆனால் மாரடைப்பு எதிர்பார்த்த அளவுக்குக் குறையவில்லை. அமெரிக்காவில் சுமார் 12,800 ஆண்களை வைத்து நடத்திய ஒரு பெரிய ஆய்வின் முடிவு 1982இல் வெளிவந்தது. அழுத்தத்தையும் கொழுப்பையும் புகைப்பழக்கத்தையும் தீவிரமாகக் கவனித்த பிரிவுக்கும் வழக்கமான சிகிச்சை பெற்ற பிரிவுக்கும் இதய நோய் இறப்பில் சொல்லிக்கொள்ளும்படி வேறுபாடு இல்லை. மருத்துவ உலகம் திகைத்தது. "ஒரு கையால் அழுத்தத்தைக் குறைத்து, மறு கையால் கொழுப்பைக் கூட்டிவிட்டோமோ?" என்ற சந்தேகம் அப்போதுதான் வலுத்தது. தேக்கடை நண்பரின் மருமகன் இணையத்தில் படித்தது அந்தச் சந்தேகத்தின் மிச்சம்தான்.

அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க 1990களில் அமெரிக்காவில் ஆல்ஹாட் என்ற மாபெரும் ஆய்வைத் தொடங்கினார்கள். நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டார்கள். நான்கு மருந்துகள். ஒன்று தயசைடு வகையைச் சேர்ந்த குளோர்தாலிடோன். இன்னொன்று அம்லோடிபின். மூன்றாவது லிசினோபிரில். நான்காவது டாக்சசோசின் என்ற ஆல்ஃபா தடுப்பான். இந்த நான்காவது மருந்துக்கு ஒரு சிறப்பு உண்டு. அது அழுத்தத்தையும் குறைக்கும்; எல்டிஎல், டிரைகிளிசரைடு இரண்டையும் கொஞ்சம் இறக்கி, நல்ல கொழுப்பைச் சற்று ஏற்றும். காகிதத்தில் பார்த்தால் அதுதான் மாப்பிள்ளை!

நடந்தது என்ன தெரியுமா? 2000ஆம் ஆண்டில் டாக்சசோசின் பிரிவை மட்டும் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். கொழுப்பு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த மருந்தைச் சாப்பிட்டவர்களுக்கு இதயம் செயலிழப்பது, குளோர்தாலிடோன் சாப்பிட்டவர்களைவிட இரண்டு மடங்குக்கு நெருக்கமாக இருந்தது. 2002 டிசம்பரில் மற்ற மூன்றின் முடிவும் வந்தது. நான்காண்டு முடிவில், குளோர்தாலிடோன் சாப்பிட்டவர்களின் மொத்தக் கொலஸ்ட்ரால் மற்றவர்களைவிடக் கூடுதலாகத்தான் இருந்தது. எவ்வளவு? ஒரு டெசிலிட்டருக்கு இரண்டு மில்லிகிராம் அளவு. நம் ஊர்க் கணக்கில் 0.05. மாரடைப்பில் மூன்றுக்கும் வேறுபாடு இல்லை. இதயச் செயலிழப்பைத் தடுப்பதில் "கொழுப்பைக் கூட்டும்" அந்தப் பழைய மருந்துதான் முன்னே நின்றது.

இதை நான் நிறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அறிக்கையில் உள்ள எண் வேறு, ஆளுக்கு நேரும் கதி வேறு. நாம் மாத்திரை சாப்பிடுவது எண்ணை அழகுபடுத்த அல்ல. மேல் அழுத்தத்தை 10 புள்ளி குறைத்தால் பக்கவாதம் கால் பங்குக்கு மேல் குறைகிறது என்பது பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துக் கண்ட உண்மை. அந்த லாபத்தின் முன்னே 0.05 என்ன பெரிய நட்டம்?

இந்தியர்களுக்கு மட்டும் ஒரு கூடுதல் கவனம்

இத்தனையும் சொன்ன பிறகு, ஒரு விஷயத்தில் நான் நண்பரின் பக்கம் பேச வேண்டியிருக்கிறது.

சிங்கப்பூரில் இந்தியர்களுக்குச் சீனர்களைவிட இதய நோய் அதிகம். 1990இல் வெளியான ஆய்வு ஒன்றே இதை விரிவாகக் காட்டியது. அதில் கவனிக்கத்தக்க ஒன்று: இந்தியர்களின் எல்டிஎல் மற்றவர்களைவிட மிக மோசமாக இருக்கவில்லை. நல்ல கொழுப்புதான் குறைவாக இருந்தது. நீரிழிவும் கூடுதல். அதாவது நம் பலவீனம் எங்கே? நல்ல கொழுப்பு குறைவு, டிரைகிளிசரைடு கூடுதல், சர்க்கரை. பழைய பீட்டா தடுப்பான் எங்கே கை வைக்கிறது? அதே இடத்தில். அதோடு தயசைடையும் சேர்த்தால் சர்க்கரையும் வரக்கூடும்.

2005இல் வெளியான ஆஸ்காட் ஆய்வில் பிரிட்டன், ஸ்காண்டிநேவிய நாடுகளைச் சேர்ந்த 19,000க்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். அட்டினோலாலும் தயசைடும் ஒரு பக்கம், அம்லோடிபினும் பெரிண்டோபிரிலும் மறுபக்கம். இரண்டாம் பக்கத்தில் பக்கவாதமும் குறைவு, புதிதாக நீரிழிவு வருவதும் சுமார் 30 விழுக்காடு குறைவு. மறு ஆண்டே, 2006இல், பிரிட்டனின் வழிகாட்டிக் குறிப்பு, சாதாரண உயர் இரத்த அழுத்தத்திற்கு முதல் மருந்தாகப் பீட்டா தடுப்பானைக் கொடுக்க வேண்டாம் என்றது.

ஆகவே வெறும் இரத்த அழுத்தத்திற்காக மட்டும் பல காலமாக அட்டினோலால் சாப்பிட்டு வரும் ஒருவர், "எனக்கு இது இன்னும் தேவையா, வேறு மாற்றலாமா?" என்று தம் மருத்துவரைக் கேட்பதில் தவறே இல்லை. கேட்க வேண்டும் என்றே சொல்வேன். ஆனால் மாரடைப்பு வந்தவர், இதயம் பலவீனமானவர், இதயத் துடிப்பு ஒழுங்கில்லாதவர் ஆகியோருக்குப் பீட்டா தடுப்பான் உயிர்காக்கும் மருந்து. அவர்களுக்கு டிரைகிளிசரைடு கொஞ்சம் ஏறுவது ஒரு பொருட்டே அல்ல.

எதற்காக இருந்தாலும், பீட்டா தடுப்பானைத் திடீரென்று நிறுத்தக்கூடாது. பல ஆண்டுகள் அணைபோட்டு வைத்த இதயம், அணை உடைந்ததும் அட்ரினலினுக்கு அளவுக்கு மீறித் துள்ளும். துடிப்பு ஏறும், அழுத்தம் ஏறும், இருக்கும் அடைப்பு வலியாக வெளிப்படும். மருத்துவர் நிறுத்துவதாக இருந்தாலும் ஒன்றிரண்டு வாரங்களில் அளவைப் படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்துவார். என் நோயாளிக்கு நேர்ந்த ஆபத்து மாத்திரையால் வந்ததல்ல, மாத்திரை ஒரே நாளில் போனதால் வந்தது.

இரண்டு மாத்திரைகள் சந்திக்கும்போது

கொழுப்பு ஏறினால் அதற்கு ஸ்டேட்டின் என்ற மருந்து இருக்கிறது. பீட்டா தடுப்பானோ தயசைடோ கூட்டும் அளவைப் போலப் பல மடங்கை ஸ்டேட்டின் குறைத்துவிடும். எல்டிஎல்லை மூன்றில் ஒரு பங்கு, ஏன் பாதிகூட இறக்கும். ஆஸ்காட் ஆய்விலேயே ஒரு கிளை இருந்தது. இரத்த அழுத்தம் இருந்து, கொலஸ்ட்ரால் அப்படியொன்றும் அதிகமில்லாத பத்தாயிரம் பேரில் ஒரு பாதிக்கு 10 மில்லிகிராம் அட்டோர்வாஸ்டேட்டின் கொடுத்தார்கள். மாரடைப்பும் இதய நோய் மரணமும் 36 விழுக்காடு குறைந்தன. பலன் அவ்வளவு தெளிவாக இருந்ததால் குறித்த காலத்திற்கு முன்பே அந்தக் கிளையை முடித்து, 2003இல் முடிவை வெளியிட்டார்கள்.

இங்கே நீங்கள் வீட்டில் போய்ப் பார்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது. ஸ்டேட்டின்களில் சிம்வாஸ்டேட்டின் என்று ஒன்று. மலிவானது, பழையது, நம்மில் பலர் சாப்பிடுகிறார்கள். அம்லோடிபினோடு சேர்த்தால், உடம்பு சிம்வாஸ்டேட்டினை வெளியேற்றுவது தாமதமாகும். இரத்தத்தில் அதன் அளவு கூடும். தசை வலியும், அரிதாகத் தசைச் சிதைவும் வரலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் 2011இல், அம்லோடிபின் சாப்பிடுகிறவர்கள் சிம்வாஸ்டேட்டினை ஒரு நாளைக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் எடுக்கக்கூடாது என்று அறிவித்தது. டில்டியாசம் அல்லது வெராபமில் சாப்பிடுகிறவர்களுக்கு 10 மில்லிகிராம்தான். இரண்டு இடங்களில் சிகிச்சை பெறுகிறவர்கள் கவனமாக இருக்க வேண்டும். ஓரிடத்தில் அழுத்தத்திற்கு, இன்னோரிடத்தில் கொழுப்பிற்கு என்று வாங்கினால், இரண்டும் ஒன்றையொன்று பார்ப்பது உங்கள் வயிற்றில்தான். தொடை, தோள் தசைகளில் காரணமில்லாத வலி, சிறுநீர் தேநீர் நிறத்தில் போவது இரண்டும் சேர்ந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

2023 ஜூலையில் தொடங்கிய "ஹெல்தியர் எஸ்ஜி" திட்டத்தில் 40 வயதானவர்கள் ஒரே குடும்ப மருத்துவரிடம் பதிந்துகொள்ளச் சொல்வதன் நன்மை இதுதான். எல்லா மாத்திரையையும் ஒருவர் கண் பார்க்கிறது. செலவைப் பற்றி யோசிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இரத்த அழுத்தம், கொழுப்பு இரண்டுக்கும் மெடிசேவைப் பயன்படுத்த 2007 முதலே வழி இருக்கிறது.

நாட்டு மருந்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கேள்வி நேரத்தில் எப்படியும் வரும். லிட்டில் இந்தியா கடைகளில் அதிமதுரம் வாங்கித் தொண்டைக்கு வாயில் அடக்கிக்கொள்ளும் பழக்கம் நமக்கு உண்டு. எப்போதாவது ஒரு துண்டு பரவாயில்லை. தினமும் கஷாயம் வைத்துக் குடித்தால் அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். தயசைடும் பொட்டாசியத்தை இறக்கும் என்று சொன்னேன் அல்லவா? இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பே தடுமாறலாம். சீன மருந்துக் கடைகளில் கிடைக்கும் சிவப்பு ஈஸ்ட் அரிசியில் இயற்கையாகவே லோவாஸ்டேட்டின் என்ற ஸ்டேட்டின் இருக்கிறது. மருத்துவர் கொடுத்த ஸ்டேட்டினோடு அதையும் சாப்பிடுவது ஒரே மருந்தை இரண்டு முறை சாப்பிடுவதற்குச் சமம்.

கேள்வி நேரம்

அங் மோ கியோவிலிருந்து வந்திருந்த அம்மா ஒருவர்: டாக்டர், எனக்கு லோசார்ட்டன்தான் கொடுக்கிறார்கள். ஆனாலும் கொலஸ்ட்ரால் ஏறியிருக்கிறது. மாத்திரை காரணமில்லை என்றால் வேறு என்ன?

பரிசோதனை எப்போது எடுத்தீர்கள் அம்மா? தீபாவளி முடிந்த வாரமா? (சிரிப்பு) முறுக்கும் பிரியாணியும் மட்டுமல்ல, எடை கூடினாலும் ஏறும், சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டாலும் ஏறும். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு எல்டிஎல் இயல்பாகவே கூடும். தைராய்டு சுரப்பி மந்தமானாலும் கொலஸ்ட்ரால் ஏறும். பெண்களிடம் இதை நாம் அடிக்கடி தவறவிடுகிறோம். களைப்பு, மலச்சிக்கல், குளிர் தாங்க முடியாமை இருந்தால் அதற்கும் ஒரு இரத்தப் பரிசோதனை கேளுங்கள். டிரைகிளிசரைடு மட்டும் ஏறியிருந்தால், சாப்பிட்ட உடனே இரத்தம் எடுத்தார்களா என்று பாருங்கள். இரவு உணவுக்குப் பிறகு தண்ணீர் மட்டும் குடித்து, காலையில் மறுபடி எடுத்துப் பார்க்கலாம்.

துவாஸில் வேலை செய்யும் இளைஞர் ஒருவர்: சார், எனக்கு ஊரிலிருந்து மாத்திரை அனுப்புகிறார்கள். அதில் அம்லோடிபின் என்றும், கூடவே 'ஏடி' என்றும் போட்டிருக்கிறது. அது என்ன?

நல்ல கேள்வி தம்பி. இந்தியாவில் ஒரே மாத்திரையில் இரண்டு மருந்து கலந்து வருவது சர்வசாதாரணம். 'ஏடி' என்றால் பெரும்பாலும் அட்டினோலால் சேர்ந்திருக்கிறது. 'எச்' என்று போட்டிருந்தால் ஹைட்ரோகுளோரோதயசைடு. டெல்மா எச் என்பதுபோல. கலப்பு மாத்திரை நல்லதுதான், சாப்பிட மறக்காது. ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். இரண்டு காரணம். ஊரிலிருந்து பார்சல் தாமதமானால் நீங்கள் அறியாமலேயே பீட்டா தடுப்பானைத் திடீரென்று நிறுத்தியவர் ஆகிவிடுகிறீர்கள். 'எச்' இருந்தால், நாள் முழுவதும் வெயிலில் வியர்வை சிந்தும் உங்களுக்கு நீரும் உப்பும் மேலும் போகும். எழுந்தால் தலை சுற்றும், சாரத்தில் நிற்கிறவருக்கு அது ஆபத்து. அட்டையைத் தூக்கிப் போடாமல் மருந்தகத்திற்கு எடுத்துப் போங்கள். இங்குள்ள மருத்துவர் அதைப் பார்த்து இங்கேயே கிடைக்கும் மருந்தாக எழுதித் தருவார்.

பெரியவர் ஒருவர்: இந்தியாவில் எடுத்த அறிக்கையில் எல்டிஎல் 100 என்று இருக்கிறது. இங்கே 2.6 என்கிறார்கள். ஊருக்குப் போய்த்தான் ஏறிவிட்டதோ?

இரண்டும் ஒன்றுதான் ஐயா. அங்கே மில்லிகிராமில் சொல்கிறார்கள், இங்கே மில்லிமோலில். கொலஸ்ட்ராலுக்கு அங்குள்ள எண்ணை 38.7ஆல் வகுத்தால் இங்குள்ள எண் வரும். டிரைகிளிசரைடுக்கு 88.6ஆல் வகுக்க வேண்டும். உங்களுக்கு மாரடைப்பு எதுவும் வந்ததுண்டா? ஸ்டென்ட் வைத்திருக்கிறதா? அப்படியென்றால் 2.6 போதாது. 1.8க்குக் கீழே, சிலருக்கு 1.4க்கும் கீழே கொண்டுவரச் சொல்வார்கள். உங்கள் மருத்துவரிடம் "எனக்கு எவ்வளவு இருக்க வேண்டும்?" என்று கேளுங்கள். பக்கத்து வீட்டுக்காரருடைய எண் உங்களுக்குப் பொருந்தாது.

அதே பெரியவர்: ஸ்டேட்டினை இரவில்தான் சாப்பிட வேண்டுமா?

சிம்வாஸ்டேட்டின் என்றால் இரவில். உடம்பு கொலஸ்ட்ராலை அதிகம் தயாரிப்பது இரவில்தான், அந்த மருந்தின் வேகமும் சில மணி நேரம்தான். அட்டோர்வாஸ்டேட்டின், ரோசுவாஸ்டேட்டின் நீண்ட நேரம் நிற்கும். காலையில் அழுத்த மாத்திரையோடு சேர்த்தே போட்டுக்கொள்ளலாம். மறக்காத நேரம் எதுவோ அதுவே நல்ல நேரம்.

இல்லத்தரசி ஒருவர்: நடைப்பயிற்சியும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் இருந்தால் இரண்டு மாத்திரையையும் விட்டுவிடலாம் அல்லவா?

சிலருக்கு முடியும், எல்லோருக்கும் முடியாது. உப்பைக் குறைத்து, நான்கைந்து கிலோ எடையை இறக்கினால் அழுத்தம் இறங்குவதை நானே பார்த்திருக்கிறேன். தேங்காய்ப்பால், நெய், பாமாயிலில் பொரித்தவை இவற்றைக் குறைத்தால் எல்டிஎல் இறங்கும். தினமும் வேகமாக நடப்பவர்களுக்கும், வெள்ளைச் சோற்றையும் சர்க்கரையையும் மதுவையும் குறைத்தவர்களுக்கும் டிரைகிளிசரைடு நன்றாகவே இறங்கும். ஆனால் அளவைக் குறைப்பதை மருத்துவர் பார்த்துச் செய்ய வேண்டும். வீட்டில் அழுத்தம் பார்க்கும் கருவி இருந்தால், ஒரு வாரம் காலையும் மாலையும் பார்த்து எழுதி எடுத்துப் போங்கள். அந்தத் தாளைப் பார்த்தால் மருத்துவருக்கு முடிவெடுப்பது எளிது.

கடைசியாக ஓர் அம்மா: நீங்கள் சொன்ன அந்தத் துறைப் பெரியவர், மாரடைப்பு வந்தவர், இப்போது எப்படி இருக்கிறார்?

நன்றாக இருக்கிறார் அம்மா. இப்போது பிசோபிரோலால், பெரிண்டோபிரில், அட்டோர்வாஸ்டேட்டின், ஆஸ்பிரின் நான்கும் சாப்பிடுகிறார். பாருங்கள், "ஓலால்" மறுபடி வந்துவிட்டது. மாரடைப்புக்குப் பிறகு அது அவருக்குத் தேவை. டிரைகிளிசரைடு இன்னும் கொஞ்சம் கூடுதல்தான். எல்டிஎல் 1.5. காலையில் அதே தேக்கடைக்குத்தான் போகிறார். சீனி இல்லாத தே. அந்த நண்பரையும் போன மாதம் என்னிடம் அழைத்து வந்தார், ஒரு பிளாஸ்டிக் பை நிறைய மாத்திரைகளோடு. அதில் இரண்டு வெவ்வேறு பெயரில் ஒரே அம்லோடிபின் இருந்தது.